நூற்றியொரு ரூபாய் பாக்கி

சிவகாசி
2.9.2024

அன்புள்ள ஐஸ்வர்யாவுக்கு, மதினி எழுதுவது.

இங்கே நானும் உன் அண்ணனும் பிரீத்தியும் சுகமாக இருக்கிறோம். உன் முதுகுவலி குறைந்ததா? மாப்பிள்ளை ஹரிபிரசாத் தம்பியையும் கேட்டதாகச் சொல்.

போன வருஷம் நாம் இருவரும் தொழில் விஷயத்தைப் போனில் பேசப் போய், ஒருத்தி முடிக்குமுன் இன்னொருத்தி ஆரம்பித்து, கடைசியில் நாலு மாதம் பேசாமல் இருந்தது உனக்கு மறந்திருக்காது. அதன்பிறகு போட்ட ஒப்பந்தப்படி வீட்டுக் கதை போனில், தொழில் கதை கடிதத்தில். அதனால்தான் இது. தாளைத் திருப்பிப் பார்த்துச் சிரிக்காதே. பூச்சட்டிப் பட்டாசு லேபிளில் மஞ்சள் அதிகமாக ஏறிக் கழிந்துபோன தாள். பின்பக்கம் வெள்ளையாகத்தானே இருக்கிறது?

விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்து நாலு கலர் அச்சு மெஷின் வாங்கினோம் அல்லவா, அதற்கு மாதம் ஐந்தாம் தேதி இரண்டு லட்சத்து எண்பத்தைந்தாயிரம் தவணை. மெஷின் நன்றாக ஓடுகிறது. உன் அண்ணன் அதன் பக்கத்தில் பாய் போட்டுப் படுக்காத குறை. பணம்தான் வரமாட்டேன் என்கிறது. நாற்பத்து மூன்று பட்டாசு யூனிட்டுகளுக்கு லேபிளும் டப்பாவும் அடித்துக் கொடுக்கிறோம். பில் போட்டு நூற்று நாற்பது நாள் கழித்துத்தான் காசைக் கண்ணில் காட்டுகிறார்கள். நம் வசூல் ஆள் மாரிக்கண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை என்று நாள் முழுக்கச் சுற்றுவான். திரும்பி வந்து, "கேட்டேன்க்கா, டீ குடுத்தாக" என்பான். டீயை வைத்துத் தவணை கட்ட முடியுமா?

ஏற்கெனவே இரண்டு தவணை தள்ளிப்போய்விட்டது. இந்த மாதத்துக்கு எப்படியோ புரட்டி வைத்திருக்கிறேன். மூன்றாவதாக ஒன்று தவறினால் வங்கிக்காரர்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். நீ ஏதோ ஏஐ வைத்து, கம்பெனிகளுக்கு வரவேண்டிய பில் பணத்தை நேரத்துக்கு வரவழைத்துக் கொடுக்கிறாயாமே. ஊரார் பாக்கிக்கெல்லாம் ஓடுகிறவள் அண்ணன் வீட்டையும் கொஞ்சம் எட்டிப் பார்க்கக் கூடாதா? எப்படி, என்ன செலவு என்று எழுது. நாத்தனார் என்று தள்ளுபடி கேட்கமாட்டேன். நீயாகவே கொடுப்பாய்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
மதினி இசைவாணி


கோயம்புத்தூர்
10.9.2024

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் கடிதமும் அதன் முதுகில் இருந்த பூச்சட்டியும் பத்திரமாக வந்து சேர்ந்தன. தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். நடப்பதாக அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அண்ணனுக்குச் சர்க்கரை இப்போது எவ்வளவு? போனில் கேட்டால் "நார்மல்" என்று வைத்துவிடுகிறார். நீங்கள் உண்மையை எழுதுங்கள்.

இது மிரட்டி வசூலிக்கிற சாமான் இல்லை மதினி. முதலில் பழைய பில்களையெல்லாம் படிக்கும். எந்தப் பார்ட்டி எந்தக் கிழமையில் கேட்டால் தருகிறார், எப்படிக் கேட்டால் முறுக்கிக்கொள்கிறார் என்று பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். சனிக்கிழமை கூலி கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவரிடம் பணம் கேட்டால் எரிந்து விழுவார். அவருக்குத் திங்கள் காலையில்தான் செய்தி போகவேண்டும். அதைப் பார்த்து, வாட்ஸ்அப்பில் அவரவருக்குத் தக்கபடி எழுதி வைக்கும். நம் பில்லில் தப்பு இருந்தால் அதையும் காட்டிக்கொடுக்கும். பாதிப் பேர் தாமதம் செய்வதற்கு நாம் போட்ட தப்புப் பில்தான் சாக்கு.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். அது எழுதி வைக்கும், தானாக அனுப்பாது. நீங்களோ அண்ணனோ பார்த்து "சரி" என்று தொட்டால்தான் போகும். உங்கள் இருவர் போனுக்கு மட்டும்தான் அந்த உரிமை.

பன்னிரண்டு வருஷத்துப் பேரேடுகளை ஸ்கேன் எடுத்து அனுப்புங்கள். தீபாவளி முடிந்து ஒரு மாதத்தில் உங்கள் நூற்று நாற்பது நாளை ஐம்பதாக்கிக் காட்டுகிறேன். தள்ளுபடி கிடையாது. முதல் ஆறு மாதம் காசே வேண்டாம். அதற்குப் பதிலாக நேரத்துக்குப் பதில் எழுதுங்கள், போதும்.

உங்கள் நலம் விரும்பும்
ஐஸ்வர்யா


சிவகாசி
8.10.2024

அன்புள்ள ஐஸ்வர்யாவுக்கு,

வீட்டில் எல்லோரும் நலம். உன் அண்ணனுக்குச் சாப்பாட்டுக்கு முன் நூற்று எழுபத்தெட்டு. நான் சொன்னதாகச் சொல்லாதே. நீ நடக்கிறாயா, இல்லை இன்னும் டாக்டரிடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாயா?

உன் ஏஐ முதல் வாரம் என் மானத்தை வாங்கிவிட்டது. ஏழாயிரம்பண்ணை ரோட்டில் சொந்தமாக யூனிட் நடத்துகிற பாலம்மாள் அக்காவுக்கு, "மதிப்பிற்குரிய அம்மையீர், தங்கள் நிலுவைத் தொகையினை" என்று எழுதி வைத்திருந்தது. நானும் அவசரத்தில் தொட்டுவிட்டேன். உடனே போன். "ஏம்மா, கோர்ட்ல இருந்தா எழுதுறீக?" என்று கேட்டார். பிறகு நான் என் கையால் எழுதிய செய்திகள் இருபதை அதற்குக் கொடுத்தேன். மறுநாளிலிருந்து, "அக்கா, ஆகஸ்ட் பன்னெண்டு பில்லு நிக்குது. மாரிக்கண்ணன அனுப்பவா, நீங்களே போட்டு விடுறீகளா?" என்று எழுதுகிறது. அன்று சாயங்காலமே பணம் வந்துவிட்டது.

அதைவிடப் பெரிய சங்கதி வெள்ளைத்துரை அண்ணாச்சி. வெம்பக்கோட்டை அணைக்குப் பக்கத்தில் அவருக்கு மூன்று யூனிட். நம் வேலையில் ஐந்தில் இரண்டு பங்கு அவர் ஒருவருடையது என்று உனக்குத் தெரியுமே. அவருக்குப் போன பில்களில் பழைய யூனிட்டின் ஜிஎஸ்டி நம்பரைப் போட்டிருக்கிறோம். அவர் கணக்கப்பிள்ளை அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார். உன் ஏஐ அதைக் கண்டுபிடித்தது. நம்பரை மாற்றிக் கொடுத்த ஒன்பதாம் நாள் பதினோரு லட்சம் வந்து விழுந்தது. இந்த மாதத் தவணையை ஐந்தாம் தேதி காலையிலேயே கட்டிவிட்டேன்.

மாரிக்கண்ணனை லோடு ஏற்றுகிற பக்கம் மாற்றிவிட்டோம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "போனு டீ குடிக்காதுல்லக்கா, அதான் வேலை சீக்கிரம் முடியுது" என்றான். சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

தீபாவளிக்குப் புடவை என்ன நிறம் வேண்டும் என்று சொல். உன் அண்ணனிடம் விட்டால் பச்சைதான் வரும்.

மதினி


கோயம்புத்தூர்
12.11.2024

அன்புள்ள மதினிக்கு,

தீபாவளி அலுப்பெல்லாம் தீர்ந்ததா? அண்ணனுக்கு நீங்கள் சொன்ன சர்க்கரை அளவை நான் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் அதிரசத்தைப் பூட்டி வையுங்கள். நான் இப்போது உண்மையாகவே நடக்கிறேன், சாட்சிக்கு ஹரி இருக்கிறார். புடவை பச்சைதான் வந்தது.

கணக்கைப் பார்த்தேன். நூற்று நாற்பது நாள் நாற்பத்தாறாகிவிட்டது. ஐம்பது என்று சொன்னவளுக்கு நாலு நாள் போனஸ் கொடுக்கலாம் நீங்கள். டிசம்பரில் இங்கே சிறுதொழில் செய்கிறவர்கள் கூட்டம் ஒன்று நடக்கிறது. அதில் நம் அச்சகத்தை வைத்துத்தான் பேசப் போகிறேன். அண்ணனுக்குச் சம்மதமா என்று கேளுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். சீசன் கணக்கு முடித்த பிறகும் நாற்பத்து மூன்று பேர் கணக்கிலும் நூற்றியொரு ரூபாய் நிற்கிறது. ஒருவர் விடாமல் எல்லோரிடமும் அதே தொகை. மொத்தம் நாலாயிரத்து முந்நூற்று நாற்பத்து மூன்று. இதைத் தள்ளிவிடுவதா, கேட்பதா என்று ஏஐ கேட்கிறது. எனக்கு விளங்கவில்லை. பொம்பளைப் பிள்ளை என்று என்னை நம் ஆபீஸ் படியே ஏறவிட்டதில்லை, எனக்கு எப்படித் தெரியும்? அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

பிரீத்தியை நேரத்துக்குத் தூங்கச் சொல்லுங்கள்.
ஐஸ்வர்யா


சிவகாசி
29.11.2024

அன்புள்ள ஐஸ்வர்யாவுக்கு,

எல்லோரும் நலம். எனக்கு மட்டும் ஒரு வாரமாகக் கால் தரையில் படவில்லை, சந்தோஷத்தில்.

கேட்டாச்சு, வந்தாச்சு. போன வாரம் செவ்வாய்க்கிழமை செய்தி போனது. வெள்ளிக்கிழமைக்குள் நாற்பத்து மூன்று பேரும் நூற்றியொன்றைக் கொடுத்துவிட்டார்கள். மீதி நிற்கிற கணக்கு முடியாத கணக்கு என்று பதினொரு வருஷம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். மூன்று வருஷமாக இந்த நூற்றியொன்றைப் பார்த்துப் பார்த்து எனக்கு எரிச்சல். லட்சக்கணக்கில் கொடுக்கிறவர்களுக்கு அந்த நூறு ரூபாயில் என்ன கஞ்சத்தனம் என்று நினைத்திருக்கிறேன். இப்போது எல்லாக் கணக்கும் பூஜ்யம். இந்த அச்சகம் தொடங்கிய நாளிலிருந்து இப்படி ஒரு பேரேட்டை யாரும் பார்த்ததில்லையாம்.

மற்றவர்கள் போனிலேயே போட்டுவிட்டார்கள். வெள்ளைத்துரை அண்ணாச்சி மட்டும் ஆளை அனுப்பி, உறைக்குள் ஒரு நூறு ரூபாய்த் தாளும் ஒரு ரூபாய்க் காசும் வைத்துக் கொடுத்தார். என்ன மரியாதை பார்.

உன் கூட்டத்தில் தாராளமாக எங்கள் பெயரைச் சொல். குளிர் தொடங்கிவிட்டது, முதுகுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொள்.

மதினி


கோயம்புத்தூர்
20.12.2024

அன்புள்ள மதினிக்கு,

அங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே ஹரிக்கு மூன்று நாள் ஜலதோஷம், வீட்டையே இரண்டாக்கிவிட்டார். இப்போது பரவாயில்லை.

கூட்டத்தில் "பாக்கி: பூஜ்யம்" என்று திரையில் போட்டேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பம்பு செய்கிறவர்கள் இரண்டு பேர், நூல் மில் ஒன்று, பேக்கரிச் சாமான் விற்கிறவர் ஒருவர் என நாலு பேர் அன்றே கையெழுத்துப் போட்டார்கள். உங்களால்தான் மதினி.

புது சீசன் லேபிளுக்கு சாம்பிள்கள் வரத் தொடங்கியிருக்குமே. எத்தனை ஆர்டர் வந்தது? பூஜ்யம் பாக்கியைப் பார்த்து அண்ணன் என்ன சொன்னார் என்று நீங்கள் எழுதவே இல்லை. வாயைத் திறந்து பாராட்டினாரா?

ஐஸ்வர்யா


கோயம்புத்தூர்
17.1.2025

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? ஒரு மாதமாகப் பதில் இல்லை. போன் செய்தால் பிரீத்தி எடுத்து, "அம்மா குளிக்காங்க அத்தை" என்கிறாள். ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் குளிப்பீர்கள்?

பொங்கலன்று அண்ணனைக் கூப்பிட்டேன். நல்ல நாளும் அதுவுமாக, "ஒம் மெஷின எடுத்துக்கிட்டுப் போத்தா. நாங்க பழைய மாதிரி டீ குடிச்சிக்கிட்டே கெடக்கோம்" என்று சொல்லி வைத்துவிட்டார். அதன்பிறகு போனை எடுக்கவில்லை. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் பிறந்த வீட்டிலிருந்து பொங்கப்படி வராத பொங்கல் இதுதான். கரும்பும் பானையும் எனக்குப் பெரிதில்லை. என்ன குற்றம் செய்தேன் என்று தெரியாமல் இருப்பதுதான் அழுகையாக வருகிறது.

என்ன நடந்தது? நீங்களாவது சொல்லுங்கள்.

ஐஸ்வர்யா


சிவகாசி
27.1.2025

ஐஸ்வர்யாவுக்கு,

எனக்குக் காய்ச்சலாக இருந்தது, அதனால் எழுத முடியவில்லை. இப்போது தேவலை. நீங்கள் இருவரும் நலம்தானே?

ஆர்டர்கள் கொஞ்சம் மெதுவாகத்தான் வருகின்றன. சில வருஷம் அப்படித்தான். உன் அண்ணன் கோபம் மெஷின் மேல்தான், உன் மேல் இல்லை. இப்போதைக்கு அந்த ஏஐயை நிறுத்தி வை. பிறகு விவரமாக எழுதுகிறேன்.

மதினி


கோயம்புத்தூர்
4.2.2025

அன்புள்ள மதினிக்கு,

காய்ச்சல் விட்டதில் நிம்மதி. வெந்நீரே குடியுங்கள்.

நிறுத்தி வைக்குமுன் அதனிடம் கடைசியாக ஒரு கேள்வி கேட்டேன். பன்னிரண்டு வருஷப் பேரேட்டில் இந்த நூற்றியொரு ரூபாயின் கதை என்ன என்று. ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டது. ஒவ்வொரு சீசன் முடிவிலும் எல்லோரும் நூற்றியொன்றை விட்டுவிட்டுத்தான் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த சீசனின் முதல் பணத்தோடு அதைச் சேர்த்துக் கொடுத்து, முடிவில் மறுபடியும் ஒரு நூற்றியொன்றை விட்டிருக்கிறார்கள். பன்னிரண்டு வருஷத்தில் மூன்று பேர் மட்டும் முழுதாகத் தீர்த்திருக்கிறார்கள். அந்த மூன்று பேரும் அதன்பிறகு நம்மிடம் ஒரு லேபிள்கூட அடிக்கவில்லை.

நம் கணக்கு தொடர்கிறது, அடுத்த வருஷமும் வருவோம் என்பதற்காக விட்டு வைத்த பணம் அது. அதைக் கேட்டு வாங்கினால், இனி வராதே என்று நாம் சொன்னதாக அர்த்தம். நாற்பத்து மூன்று பேரிடமும் ஒரே நாளில் சொல்லிவிட்டோம். நவம்பரிலேயே கேட்டிருந்தால் ஏஐ அப்போதே இதைச் சொல்லியிருக்கும். கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பூஜ்யத்தைப் பார்த்து நானும் மயங்கிவிட்டேன்.

அந்தச் செய்திகளுக்குச் சம்மதம் நவம்பர் பத்தொன்பது காலை பதினொன்று இருபதுக்குத் தொடப்பட்டிருக்கிறது. இரண்டு போனில் யாருடைய போன் என்று நான் பார்க்கவில்லை. பார்க்கப் போவதும் இல்லை. ஹரியின் போனிலிருந்து அண்ணனைக் கூப்பிட்டு, தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டேன். கத்தித் தீர்த்துவிட்டார். கத்தட்டும்.

எத்தனை ஆர்டர் வந்திருக்கிறது மதினி? மெதுவாக, வேகமாக என்று எழுதவேண்டாம். எண்ணை எழுதுங்கள். இதைச் சரிசெய்ய முடியும்.

ஐஸ்வர்யா


சிவகாசி
23.2.2025

அன்புள்ள ஐஸ்வர்யாவுக்கு,

நான் நலம், பொய்க் காய்ச்சல் விட்டுவிட்டது. உன் அண்ணனுக்குச் சர்க்கரை இருநூற்றுப் பத்து. மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

எண் கேட்டாய். ஜனவரி முடிவில் நாற்பத்து மூன்றில் ஏழு. மெஷின் வாரத்தில் இரண்டு நாள்தான் ஓடியது. இந்த மாதத் தவணைக்கு என் வளையல் ஆறும் அடகுக் கடைக்குப் போயின.

எனக்கு டிசம்பரிலேயே தெரியும். மாரிக்கண்ணன்தான் சொன்னான். "எக்கா, நூத்தியொண்ணையுமா கேட்டீக? இருவது வருஷமா நான் அதுல கைய வச்சதில்லையேக்கா. என்ட்ட ஒரு வார்த்தை கேட்டுருக்கலாம்ல" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். உன் அண்ணனுக்கும் பிறந்ததிலிருந்தே தெரியும். தெரிந்தவர்களுக்கு அது சொல்லவேண்டிய விஷயமாகவே படவில்லை.

இனி நல்லதைச் சொல்கிறேன். போன வாரம் பாலம்மாள் அக்கா யூனிட்டுக்குப் போய், "என்னக்கா, சாம்பிள் ஒண்ணும் வரலையே" என்று கேட்டேன்.

"கணக்கு முடிஞ்ச எடத்துக்கு எப்பிடி அனுப்ப, இசை? நீங்கதான வழிச்சுக் கேட்டீக. சரி, நம்ம வேலை இவுகளுக்கு வேண்டாம் போலன்னு நினைச்சுக்கிட்டேன்."

தெரியாமல் நடந்துவிட்டது என்றேன். "அதுக்கென்ன, பரவாயில்லம்மா" என்றார். நம் ஊரில் ஒருவர் இந்த ராகத்தில் பரவாயில்லை என்றால் எழுந்து போ என்று பொருள். எழுந்துவிட்டேன். வாசலில் அவருடைய கடை. கம்பி மத்தாப்புப் பெட்டிகளை எடுத்துப் பில் போடச் சொன்னேன். ஆயிரத்து நூற்றியொன்று வருகிற மாதிரி நானே கூட்டிக் கழித்து எடுத்தேன், கணக்கு டீச்சர் அல்லவா? ஆயிரத்தைக் கொடுத்துவிட்டுப் பையை மூடிவிட்டேன்.

"நூத்தியொண்ணு?" என்றார்.

"அது பாக்கி நிக்கட்டும்க்கா. நான் உங்களுக்குத் தரணும். இப்ப கணக்கு தொறந்திருக்குல்ல?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "ஏளா, இந்தப் பொம்பளையப் பாருங்களேன்" என்று சத்தம் போட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே மேசையைத் திறந்து இந்த வருஷத்து சாம்பிளை எடுத்துக் கொடுத்தார்.

அன்றிலிருந்து யூனிட் யூனிட்டாக ஏறி இறங்குகிறேன். மாரிக்கண்ணன் வண்டி ஓட்டுகிறான், நான் கடன் வைக்கிறேன். மத்தாப்பையெல்லாம் அங்கங்கே வேலை பார்க்கும் பெண்களிடம் பிள்ளைகளுக்கென்று கொடுத்துவிடுகிறேன். நேற்று வரை முப்பத்தோரு ஆர்டர்.

வெள்ளைத்துரை அண்ணாச்சியிடம் மட்டும் பலிக்கவில்லை. "பாக்கியெல்லாம் வேண்டாம் தாயி" என்று முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டுதான் பொட்டலத்தைக் கொடுத்தார். அவர் வராமல் தவணை கட்ட முடியாது. ஆனாலும் வரவைப்பேன், நீ பார்.

மதினி


கோயம்புத்தூர்
6.3.2025

அன்புள்ள மதினிக்கு,

அண்ணனின் சர்க்கரையை நினைத்தால் பயமாக இருக்கிறது. உங்கள் கைகளை நினைத்தால் அதைவிடக் கஷ்டமாக இருக்கிறது. என்னிடம் இருப்பதில் கொஞ்சம் அனுப்பியிருக்கிறேன், வளையல்களில் இரண்டையாவது மீட்டுவிடுங்கள். மறுக்காதீர்கள்.

நீங்கள் கடன் வைத்த கதையை ஹரிக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டாம் தடவை வாசிக்கச் சொன்னார். ஏஐக்கும் பாடம் சொல்லிவிட்டேன். இனி எந்தக் கம்பெனியானாலும், ஒரே மாதிரி சின்னத் தொகை வருஷா வருஷம் நின்றால், அது என்ன பழக்கம் என்று முதலில் விசாரிக்கும். வசூலைப் பற்றிப் பிறகுதான் பேசும்.

வெள்ளைத்துரை அண்ணாச்சிக்கு என்ன எழுதலாம் என்று அதனிடம் கேட்டேன். பதினாறு விதமாக எழுதிக் கொடுத்தது. எல்லாமே நன்றாகத்தான் இருந்தன. ஒன்றையும் அனுப்பவேண்டாம் மதினி. அண்ணனைக் கூட்டிக்கொண்டு நேரில் போங்கள். தங்கைதான் செய்தாள் என்று அண்ணன் சொன்னால் சொல்லட்டும், எனக்கு வருத்தமில்லை.

ஊர் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு வருவேனா என்று பிரீத்தி கேட்டிருந்தாள். அண்ணன் கூப்பிடவில்லை. வரமாட்டேன் என்று அவளிடம் சொல்லிவிடுங்கள்.

ஐஸ்வர்யா


சிவகாசி
25.3.2025

அன்புள்ள ஐஸ்வர்யாவுக்கு,

நீயும் தம்பியும் நலமாக இருக்கவேண்டும். இங்கே பிரீத்தி நலம். மற்ற இருவரைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

வியாழக்கிழமை நானும் உன் அண்ணனும் வெம்பக்கோட்டைக்குப் போனோம். வெள்ளைத்துரை அண்ணாச்சி உட்காரச் சொல்லி, கலர் சோடா வாங்கிக் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை மழையைப் பற்றிப் பேசினார். அப்புறம் உன் அண்ணனைப் பார்த்துச் சொன்னார்.

"தம்பி, மெஷின் கேட்டுருச்சுன்னு சொல்றீக. சரி. மெஷினுக்கும் எனக்குமா கணக்கு? ஒங்கப்பா காலத்துல இருந்து மனுஷங்க கூடத்தான யாவாரம் பண்ணுதேன். அந்தக் காச உறையில வச்சுக் குடுத்துவிடும்போது எம்புட்டுச் சங்கடமா இருந்துச்சு தெரியுமா? கேட்டது யாரு, அதச் சொல்லுங்க."

உன் அண்ணன், "தங்கச்சிதான் அண்ணாச்சி. கோயமுத்தூர்ல இருக்கா, ஊரு நடப்பு தெரியாம செஞ்சுட்டா" என்று தொடங்கினார்.

"நான்தான் அண்ணாச்சி" என்றேன்.

உன் அண்ணன் என் பக்கம் திரும்பினார். நான் அவரைப் பார்க்காமல் அண்ணாச்சியைப் பார்த்தே சொல்லி முடித்தேன். அவரிடம் கேட்கச் சொல்லி நீ எழுதியிருந்ததையும், நான் கேட்காததையும் சொன்னேன். ஆபீசில் உட்கார்ந்து என் விரலால் நாற்பத்து மூன்று தடவை தொட்டேன் என்று சொன்னேன்.

"எதுக்குக் கேட்டீக தாயி?"

"மீதி நிக்கிறது எனக்குப் பிடிக்கல அண்ணாச்சி. யாரையும் விசாரிக்காம கேட்டுட்டேன். பெறகு சொல்லப் பயந்து, பழிய ஐஸ்வர்யா மேல விட்டுட்டேன்."

"இதத்தான நான் கேட்டேன். சனவரியில வந்து இந்த ஒத்த வார்த்தையச் சொல்லியிருந்தா நான் எதுக்கு அடுத்த எடத்துக்குப் போறேன்?" என்றார் அண்ணாச்சி. பாதி ஆர்டர் வேறு அச்சகத்துக்குப் போய்விட்டதாம். அதைத் திருப்ப முடியாது, கொடுத்த வாக்கு. மீதிப் பாதி நமக்கு. ஒன்பது லட்சம் லேபிள், அன்றைக்கே முன்பணம். மற்ற ஆர்டர்களோடு சேர்த்தால் தவணைக்குப் பயமில்லை. வீடு நம்மிடம்தான் இருக்கும்.

திரும்பி வரும்போது உன் அண்ணன் வாயைத் திறக்கவில்லை. இன்றோடு ஐந்து நாள், என்னிடம் ஒரு பேச்சு இல்லை. சோற்றைப் போட்டால் சாப்பிடுகிறார், எழுந்து போகிறார். அது எனக்கு வேண்டியதுதான். இரண்டு மாதம் நீ வாங்கியதை நான் இப்போது வாங்குகிறேன். பேசவைத்துவிடுவேன், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அவருக்கு என்னை விட்டால் மாத்திரை எடுத்துக் கொடுக்க ஆள் கிடையாது.

ஐஸு, யாருடைய போன் என்று பார்க்கவில்லை என்று எழுதியிருந்தாய். நீ எதையும் பார்க்காமல் விடுகிறவள் இல்லை. பார்த்துவிட்டுத்தான் பார்க்கவில்லை என்று எழுதினாய் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தக் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் சும்மா இருந்தேன். கூடப் பிறந்தவள்கூட எனக்காக இதைச் செய்திருக்கமாட்டாள். என்னை மன்னித்துவிடு.

உன் அண்ணன் நேற்றிலிருந்து உன் நம்பரை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறார். மூன்று தடவை பார்த்துவிட்டேன். இன்றோ நாளையோ கூப்பிடுவார். மன்னிப்பெல்லாம் கேட்கமாட்டார், அவருக்கு அது வராது. சாப்பிட்டியா, என்ன சாப்பிட்டே என்றுதான் கேட்பார். நீயும் வேறு எதையும் கேட்காமல், என்ன சாப்பிட்டாய் என்று சொல்லு.

மதினி இசைவாணி